முடி கொட்டுகிறதா? எண்ணெய்ப் போத்தலுக்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்!



சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காப்பார், ஜெராம், பந்திங், கேரித் தீவு என்று நாலா பக்கத்துத் தோட்டத்துச் சனங்களும் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். மளிகைச் சாமான், பூ, பிள்ளைகளுக்குத் துணிமணி, வாழையிலையில் ஒரு சாப்பாடு. திரும்பிப் போகும்போது பல பேருடைய பைக்குள் ஓர் எண்ணெய்ப் போத்தலும் இருக்கும். பச்சை நிறம். மேலே தாடி வைத்த முனிவர் ஒருவர் படம். பக்கத்திலே முழங்கால் வரை கூந்தல் தொங்கும் ஒரு பெண். கீழே, பொடுகு, முடி உதிர்தல், இளநரை, புழுவெட்டு, தலைவலி, தூக்கமின்மை எல்லாம் தீரும் என்று எழுதியிருக்கும். 2010-இல் லிட்டில் இந்தியா என்று திறந்து வைக்கப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போனாலும் இதே காட்சிதான்.

விலை என்ன? சாதாரணப் போத்தல் பத்துப் பதினைந்து வெள்ளிக்கும் கிடைக்கும். ஆனால் 'ஆயுர்வேத ஸ்பெஷல்' என்றால் அறுபது, எழுபது வெள்ளி. நம்முடைய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதத்துக்கு 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. ஆக, ஒரு போத்தல் என்பது வெயிலில் நின்று செம்பனைக் குலை அறுத்த ஒரு முழு நாள். அந்த ஒரு நாளைத் தலையில் தேய்த்துக் கழுவி விடுவதற்கு முன்னால், இந்தப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் படித்து விடுங்கள் என்று கேட்டுக் கொள்கிறேன்.

ஆயுர்வேதத்தைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஆயுர்வேதத்தின் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள், அந்த வைத்தியம் சொல்லுகிறதை நமக்குச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதுதான் என் வாதம்.

காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டம். உரம் போடுகிற வேலை செய்யும் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். பொங்கல் கழிந்து ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார். பழைய பத்திரிகைத் தாளை மடித்துக் கொண்டு வந்து என் முன்னால் பிரித்தார். உள்ளே கைப்பிடி மயிர். "பாருங்கண்ணே, காலையில சீப்பு வச்சா இவ்வளவு வருது. இன்னும் ரெண்டு மாசத்துல மொட்டைதான்," என்றார். கண்ணில் தண்ணீர். கடையில் விசாரித்ததற்கு, "உடம்புல சூடும்மா" என்று சொல்லி மூன்று போத்தல் எண்ணெயும் ஒரு டின் பொடியும் சேர்த்து 'ஒரு செட்' என்று 180 வெள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கடை என்று நானும் கேட்கவில்லை.

"சமீபத்துல காய்ச்சல் ஏதும் வந்துச்சா தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இப்ப ஒண்ணும் இல்லண்ணே. தீபாவளிக்கு முன்னாடி டிங்கி காய்ச்சல்னு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

அதுக்கும் இதுக்கும்தான் சம்பந்தம்.

நம்மில் பால் வெட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கித்தா மரம் வருஷத்துக்கு ஒரு தடவை இலையெல்லாம் கொட்டி எலும்பும் தோலுமாக நிற்கும். புதிதாக வந்தவன் பார்த்தால் மரம் பட்டுப் போச்சு என்று நினைப்பான். நாம் நினைப்போமா? கொஞ்ச வாரத்தில் செம்பு நிறத்தில் துளிர் விடும் என்று நமக்குத் தெரியும். தலைமயிரும் அப்படித்தான். தலையில் சுமாராக ஒரு லட்சம் மயிர் இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருஷம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்கும், அப்புறம் உதிரும். அதே குழியிலிருந்து புதிது முளைக்கும். நாள் ஒன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான்.

கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆப்பரேஷன், பெரிய துக்கம், பட்டினி, இப்படி ஏதாவது ஒன்று உடம்பை உலுக்கி விட்டால், உடம்பு மயிர் வளர்க்கும் வேலையை நிறுத்திவிட்டு உயிரைக் காப்பாற்றும் வேலையைப் பார்க்கிறது. வளர்ந்து கொண்டிருந்த மயிரில் பெரும்பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வுக்காலம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலை நாமே மறந்து போன நேரத்தில், கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. டிங்கிக்குப் பிறகு இப்படி வரும். 2020, 2021 வருஷங்களில் கோவிட் வந்து பிழைத்தவர்கள் எத்தனையோ பேருக்கு வந்தது. பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு மூன்றாம் நாலாம் மாதத்தில் வருவதும் இதுதான். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று கிழவிகள் சொல்லுவார்களே, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. காரணம்தான் பிள்ளையின் சிரிப்பு அல்ல.

இது ஆறு மாதத்தில், கொஞ்சம் முன்னே பின்னே, பெரும்பாலும் தானாக நின்று விடும். வழுக்கை விழாது.

இங்கேதான் எண்ணெய்க்காரருக்கு யோகம். நாம் எப்போது போத்தல் வாங்குகிறோம்? நன்றாகக் கொட்டுகிற சமயத்தில். இரண்டு மூன்று மாதம் தேய்க்கிறோம். அதற்குள் கொட்டுவது தானே குறைகிறது. "அந்த எண்ணெய் போட்டேன், நின்னு போச்சு," என்று லயத்துக்கே சொல்லுகிறோம். பக்கத்து வீட்டு அக்காவும் வாங்குகிறார். துளிர் விடுகிற காலத்தில் கித்தா மரத்துக்கு எண்ணெய் பூசினவனும் இப்படியே பெருமை பேசலாம்.

இதில் காசு போவது பாதி நஷ்டம். மீதி நஷ்டம் என்னவென்றால், எல்லாருக்கும் தானாக நிற்பதில்லை. அந்தச் சகோதரியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். வெள்ளையாக இருந்தது. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கு ஏழெட்டு நாள் போகிறது என்று அவரே சொன்னார். அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11. ஆண்களுக்கு 13. அவருக்கு ஒன்பதுக்கும் கீழே. அத்தனை நாளும் அந்த உடம்போடு உரச் சாக்கைத் தூக்கிக் கொண்டு நடந்திருக்கிறார். முடி கொட்டியிருக்காவிட்டால் இது வெளியே தெரிந்தே இருக்காது.

இரத்தசோகை என்பது நம் வீட்டு நோய். 2019-இல் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இரத்தசோகை என்று சொன்னது. அந்தக் காலத்தில் வெறுங்காலோடு நடந்து கொக்கிப் புழு ஏறி நம் பாட்டன் பாட்டிகள் இரத்தம் வற்றிப் போனார்கள். தோட்டத்து டிரசர் பிரட்டுக் களத்திலேயே இமையை இழுத்துப் பார்த்து, "நீ இன்னைக்கு வேலைக்குப் போவாதே" என்பார். அவர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே போட்டார்கள். இன்று எத்தனையோ தோட்டங்களில் அந்த மருந்துச்சாலைக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது. டிரசர் போன இடத்தில் எண்ணெய்க் கடை வந்து உட்கார்ந்து கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆயுர்வேதம் என்ன சொல்லுகிறது?

தலைமயிர் நோய்களை அது மொத்தமாக ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. பொடுகுக்குத் தாருணகம் என்று பெயர். முடி உதிர்ந்து வழுக்கையாவது காலித்தியம். காசு அளவு வட்டமாக உதிர்வது இந்திரலுப்தம், நாம் புழுவெட்டு என்கிறோம். சுஸ்ருதர் காரணமும் சொல்லுகிறார். பித்தம் வாதத்தோடு சேர்ந்து மயிர்க் குழியில் புகுந்து மயிரை உதிர்க்கிறது, பிறகு கபமும் இரத்தமும் அந்தக் குழியை அடைத்துக் கொள்கிறது, அதனால் புதிது முளைப்பதில்லை என்பது அவர் கருத்து. இன்றைய விஞ்ஞானம் இதை இந்த வார்த்தைகளில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் பொடுகு வேறு, முடி உதிர்வது வேறு என்று ஆயுர்வேதம் பிரித்துப் பார்த்ததே, அந்தப் புத்தி பச்சைப் போத்தலுக்கு இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்!

இன்னொன்றும் கேளுங்கள். நாம் தின்னும் சோறு முதலில் ரசமாகி, பிறகு இரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு என்று வரிசையாக மாறுகிறது, அந்த எலும்பின் கழிவாக வெளியே வருவதுதான் மயிர் என்பது ஆயுர்வேதக் கொள்கை. இதை நான் அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொள்கைப்படியே பார்த்தாலும், முடிக்கு வழி சோற்றுப் பானையிலிருந்தும் இரத்தத்திலிருந்தும்தானே தொடங்குகிறது? சரகரோ, உப்பை அளவுக்கு மிஞ்சித் தின்கிறவர்களுக்கு முடி உதிரும், நரைக்கும் என்று எழுதி வைத்தார். உப்பால் முடி போகுமா என்பது வேறு விஷயம். கருவாடும் ஊறுகாயும் நம் இரத்த அழுத்தத்தை ஏற்றுவது நிச்சயம்.

நல்ல ஆயுர்வேத வைத்தியர் நாடி பார்ப்பார். பசி எப்படி, தூக்கம் எப்படி, மலம் எப்படி, மாதவிலக்கு எப்படி என்று அரைமணி நேரம் கேட்பார். போத்தலுக்கு நாடி பார்க்கத் தெரியாது. வைத்தியரிடம் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டத்தில் இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் அடங்கும். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நமக்கு உரிமை.

எண்ணெயைப் பற்றியும் நியாயமாகப் பேசுவோம். கேரளத்து வைத்திய நூலான சகஸ்ரயோகத்தில் நீலி பிருங்காதி என்று ஒரு தைலம் உண்டு. அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய்ச் சாறு, பால், தேங்காய்ப் பால் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. கரிசலாங்கண்ணியை எலிகளுக்குப் பூசிப் பார்த்த ஆராய்ச்சியில் மயிர் நன்றாக வளர்ந்திருக்கிறது. மனிதர்களிடம் போதுமான சோதனை நடக்கவில்லை. எலிக்கு வளர்ந்தது நமக்கும் வளரும் என்று எழுபது வெள்ளி பந்தயம் கட்டுவதா என்பது உங்கள் இஷ்டம்.

சாதாரணத் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் நிரூபணமாகியிருக்கிறது. மயிருக்குள் ஊறி, அதிலுள்ள புரதம் கழுவிப் போகாமல் காக்கிறது, அதனால் முடி நடுவில் உடைவது குறைகிறது என்று 2003-இல் பம்பாயில் செய்த ஆய்வு சொல்லுகிறது. (ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனி ஆட்கள். அதையும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள்.) உடைவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. வேரோடு உதிர்வதை எண்ணெய் நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. போத்தல் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மினரல் ஆயில், லிக்விட் பாரஃபின் என்று முதலில் எழுதியிருந்தால், அது பெட்ரோலிய எண்ணெயில் பச்சைச் சாயமும் வாசனையும் கலந்தது என்று பொருள்.

தலையில் தேய்ப்பதை விட எனக்குப் பயம் வாயில் போடுவதைப் பற்றித்தான். முடி வளர லேகியம், சூரணம், உருண்டை என்று விற்கிறார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நம் நாட்டிலும் பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து அறிவித்திருக்கிறது. ஆகவே உள்ளுக்குச் சாப்பிடும் எந்த மருந்திலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். அது இல்லையானால் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோயில் திருவிழாக் கடையில் கொடுத்தாலும்தான்.

இனி பொடுகு. இது முடி உதிர்வதைப் போல மர்மமானது இல்லை. எல்லார் தலையிலும் மலசேஸியா என்ற ஒரு பூஞ்சைக் காளான் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அது தின்பது நம் தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை. தின்றுவிட்டு விடும் கழிவு சில பேருடைய தோலுக்கு ஒத்துக் கொள்வதில்லை. அரிக்கிறது, தோல் சீக்கிரம் சீக்கிரமாக உரிந்து செதில் செதிலாகக் கொட்டுகிறது. வியர்வையும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் கொண்டாட்டம்.

இப்போது சொல்லுங்கள். எண்ணெய் தின்னும் காளானுக்கு இரவு முழுக்க எண்ணெய் ஊற்றி வைத்தால் என்ன ஆகும்? "தலை காஞ்சு போச்சு, அதான் பொடுகு" என்று நாம் நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். விருந்து வைத்துவிட்டு விருந்தாளி போகவில்லை என்று அழுவது போலத்தான் இது. பொடுகு இருக்கிறவரைக்கும் எண்ணெயை நிறுத்துங்கள். மனசு கேட்கவில்லையானால், குளிக்கப் போவதற்கு அரைமணி முன்னால் கொஞ்சமாகத் தேய்த்து, ஒரு சொட்டு இல்லாமல் கழுவி விடுங்கள்.

பாட்டி வைத்தியத்தில் இதற்கு நல்லதும் இருக்கிறது. சீயக்காயும் அரப்பும் எண்ணெய்ப் பசையை எடுக்கும். அந்த வேலைக்கு நல்ல சாமான்தான். கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். வெந்தயம் அரைத்துப் போட்டால் குளுகுளுவென்று இருக்கும், கெடுதல் இல்லை. சித்த வைத்தியத்தில் பொடுதலைத் தைலம் என்பார்கள், பெயரிலேயே அதன் வேலை தெரிகிறது. லேசான பொடுகுக்கு இதெல்லாம் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் வேலியோரத்து ஊமத்தை இலையைப் பறித்து வீட்டிலே தைலம் காய்ச்சுகிற வேலை வேண்டவே வேண்டாம். நூலில் இருக்கிறதே என்பீர்கள். நூலில் இருப்பது பதமும் அளவும் தெரிந்த வைத்தியருக்காக. ஊமத்தை விஷம். அந்தச் சட்டி பிள்ளை கைக்கு எட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பேனுக்கு மண்ணெண்ணெய் தேய்க்கிற பழக்கமும் சில வீடுகளில் இன்னும் போகவில்லை என்று கேள்விப்படுகிறேன். தோல் வெந்து போகும், அடுப்புப் பக்கம் போனால் உயிரே போகும்.

அரிப்புத் தாங்கவில்லை, செதில் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது, புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் வந்துவிட்டது என்றால், மருந்துக் கடையில் கீட்டோகோனசோல் சேர்ந்த ஷாம்பு கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, இரண்டு முதல் நாலு வாரம். போட்ட உடனே கழுவினால் காசு வீண். நுரை தலையில் மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும். ஒரு பாட்டு முடிகிற நேரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒரு தடவையோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ போதும். பொடுகு அடியோடு ஒழியாது, அடங்கும். 'நிரந்தரத் தீர்வு' என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பி நடந்து விடுங்கள்.

நம் வேலைக்கும் தலைக்கும் உள்ள தொடர்பைச் சங்கத்துப் பத்திரிகையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? காலை நாலரை மணிக்குத் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டு, அதற்கு மேல் துண்டைக் கட்டிக் கொண்டு பிரட்டுக்கு ஓடுகிறீர்கள். பத்து மணி வரை அந்த ஈரம் காயாது. பூஞ்சைக்கு அதை விட நல்ல லயம் கிடைக்காது. தலைக்குக் குளிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொள்ளுங்கள். கொண்டையைத் தளர்த்தி விடுங்கள். வருஷக் கணக்காக இறுக்கி இழுத்தால் நெற்றியோரத்து மயிர் திரும்பி வராமலே போகும். தலைத்துண்டைத் தினமும் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள்.

குலை அறுக்கிறவர்களுக்குப் பாதுகாப்புத் தொப்பி கொடுக்கிறார்கள். சில இடங்களில் ஒரே தொப்பியை இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றிப் போடுவதாகத் தொழிலாளர்கள் சொல்லுகிறார்கள். உள்பட்டை அடுத்தவன் வியர்வையில் ஊறிக் கிடக்கும். பேனும் படையும் அப்படித்தான் தலைக்குத் தலை தாவும். ஆளுக்கு ஒரு தொப்பி, கழுவக் கூடிய உள்பட்டையோடு வேண்டும் என்று கேளுங்கள். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புவதற்கு வெட்கப்படாதீர்கள். பொடுகு சின்ன விஷயம் என்று யாராவது சிரித்தால், அந்தத் தொப்பியை ஒரு நாள் அவர் தலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தடிக்கிற தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாம் 'மருந்து' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது நஞ்சு. பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதனால் மற்றதெல்லாம் தீர்த்தம் ஆகிவிடவில்லை. வேலை முடிந்து வந்ததும் தலையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் தலைத்துண்டை வீட்டுத் துணியோடு போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, முட்டை, எப்போதாவது ஈரல், இதெல்லாம் எழுபது வெள்ளிப் போத்தலை விட முடிக்கு நெருங்கிய சொந்தம். கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி. தேயிலையிலுள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாமல் பிடித்துக் கொள்ளும். தேத்தண்ணியை விடச் சொன்னால் தோட்டத்தில் யார் கேட்பார்கள்? நானே கேட்க மாட்டேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், அவ்வளவுதான். சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறோ ஒரு கொய்யாத் துண்டோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். நெல்லிக்காயைத் தலையில் தேய்ப்பதை விடத் தின்பது மேல். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே சட்டம்தான். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மூன்று மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் மிட்டாய் என்று எடுத்துவிடாமல் உயரத்தில் வையுங்கள்.

ஆண்களுக்கு நெற்றியில் ஏறும் வழுக்கை பரம்பரை. அப்பன், தாத்தன், தாய்மாமன் தலைகளைப் பார்த்தால் தெரியும். எண்ணெய்க்கு மசியாது. மினாக்ஸிடில் என்ற தண்ணீர் மருந்து சில பேருக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். மாதா மாதம் அதற்குச் செலவழிப்பதை விட மொட்டையே அழகு என்பது என் சொந்த அபிப்பிராயம். என் தலையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பத்துமலையில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் நம்பிக்கைதான். வேண்டுதலுக்குப் போடுங்கள், அது வேறு. கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே, வேருக்கு அது தெரியவே தெரியாது.

பிள்ளைகள் தலையில் வட்டமாக முடி உடைந்து, செதிலோடு, சில சமயம் சீழோடு இருந்தால் அது புழுவெட்டு இல்லை, படை. பூனைக் குட்டியிடமிருந்தும் வரும். அதற்கு வாயில் சாப்பிடும் மருந்து வேண்டும், டாக்டர்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய் தடவிக் கொண்டே நாளைக் கடத்தினால் தழும்பாகி அந்த இடத்தில் முடியே வராமல் போகலாம்.

அந்தச் சகோதரியைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லையே. மாத்திரை சாப்பிட்டார். மாதவிலக்குக்கும் கிளினிக்கில் பார்த்தார்கள். ஆடி மாதம் கோயிலில் பார்த்தபோது நெற்றியோரத்தில் சின்னச் சின்னதாகப் புது முடி நின்றது. மேடு ஏறினால் இப்போது மூச்சு வாங்கவில்லையாம். "மாத்திரைதான் காரணம்னு தெரியுதா?" என்று கேட்டேன். "மாத்திரையும்தான். ஆனா அந்த எண்ணெய் நல்ல எண்ணெய்ங்கண்ணே," என்றார். நான் என்ன சொல்ல!

கடைசியாக, கிளினிக் விஷயம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். "முடி கொட்டுதுன்னு போயி நின்னா சிரிப்பாங்க" என்று பல பேர் போவதில்லை. சிரிக்க மாட்டார்கள். கவுண்டரில் மலாயில் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்காக: முடி கொட்டுவதற்கு 'ரம்புட் குகுர்', பொடுகுக்குக் 'கெலெமுமுர்', இரத்தம் குறைவாக இருக்கிறதோ என்று சந்தேகமானால் 'குராங் டாரா'. எப்போதிலிருந்து கொட்டுகிறது, அதற்கு மூன்று மாதம் முன்னால் காய்ச்சலோ பிரசவமோ இருந்ததா, மாதவிலக்கு எத்தனை நாள், வேறு என்ன மருந்து அல்லது லேகியம் சாப்பிடுகிறீர்கள், இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தைராய்டு சுரப்பி கெட்டாலும் முடி கொட்டும். எடை ஏறுகிறது, எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்கி வைத்திருக்கும் போத்தலையும் பையில் போட்டுக் கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.